அக்கியும் தலைநோயும்: தோலுக்கும் தலைவலிக்கும் இடையே கண்ட தொடர்பின் வரலாறு

நெற்றியின் ஒரு பக்கத்தே மூன்று நாட்கள் பொறுக்கலாகா வலி இருக்கின்றது. நான்காம் நாள் அவ்விடம் சிவந்து, நீர்கோத்த சிறு கொப்புளங்கள் நிரையாக எழுகின்றன. முதல் மூன்று நாட்களும் அதனைத் தலைநோய் என்கின்றோம். நான்காம் நாள் தொட்டு அதுவே தோல்நோய் ஆகிவிடுகின்றது. நோயாளனிடத்து நோய் மாறவில்லை, பெயரே மாறிற்று. பெயர் மாறவே, நாடப்படும் மருத்துவரும் இடப்படும் மருந்தும் மாறுகின்றன. இடையில் நாட்கள் சில வீணே கழிகின்றன. நெற்றியில் வரும் அக்கியைப் பொறுத்தவரை அந்நாட்களே கண்ணின் பார்வையைக் காப்பனவாகவோ இழப்பனவாகவோ அமைந்துவிடுவதுண்டு.

இங்ஙனம் இரு வேறு துறைகளாகப் பிரித்துக் கற்கப்படும் தோல்நோய்க்கும் தலைநோய்க்கும் உள்ளுறவு உண்டா என்னும் வினா மிகப் பழையது. உண்டு என்றே முன்னையோர் பெரும்பாலும் விடை கூறினர். ஆயின் அவ்வுறவை அவர்கள் உடலுள் ஓடும் நீர்மங்களில் தேடினர். தோலில் வெளிப்பட வேண்டிய தீய நீர் தடைப்பட்டால் தலைக்கு ஏறும் என்பது அவர்தம் கோட்பாடு. அக்கோட்பாடு நோயாளருக்கு நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தது என்பதும், உறவு நீரில் இல்லை, நரம்பில் உள்ளது என்பது பின்னர் அக்கியின் வாயிலாகவே தெளிந்தது என்பதும் இக்கட்டுரையிற் காட்ட முற்படுவன. இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஐரோப்பிய நகரங்களில் நிகழ்ந்ததாகும். தமிழகத்தின் செய்திகளை உண்மையான தொடர்பு உள்ள இடங்களில் மட்டும் சுட்டுவோம்.

சொற்களிலிருந்து தொடங்குதல் நம் துறைக்கு இயல்பு. அக்கி என்னும் சொல்லை அக்கினி என்பதன் வழிவந்ததாகக் கொள்வர். நோயின் எரிவே அதற்குப் பெயராயிற்று. இதே எண்ணம் உரோமரிடத்தும் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினராகிய செல்சசு படர்ந்து எரியும் தோல்நோய்களைப் புனிதத் தீ என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரால் குறித்தார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, அத்தீயின் வகைகளுள் ஒன்று இடையைச் சுற்றி வருவது என்றும், அது முழுவதும் சுற்றிவிட்டால் ஆளைக் கொல்லும் என்றும் எழுதினார். அதற்கு அவர் தரும் கிரேக்கப் பெயர் 'சோசுடர்', அஃதாவது அரைக்கச்சை. இன்றைய மருத்துவ நூல்களிலும் அக்கிக்கு இப்பெயரே வழங்குகின்றது. இத்தாலியர் இன்றும் அக்கியைப் புனித அந்தோணியாரின் தீ என்பர். இடைக்கால ஐரோப்பாவில் அப்பெயர், பூஞ்சை பற்றிய கம்புவகைத் தானியத்தை உண்டதால் கை கால்கள் எரிந்து கருகி விழும் கொடுநோய்க்கும் வழங்கிற்று. அப்பூஞ்சையிலிருந்து 1918இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஆர்தர் சுடோல் பிரித்தெடுத்த எர்கோட்டமின் என்னும் பொருள், 1926 அளவில் ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாயிற்று. தோலைக் கருக்கிய நஞ்சே தலைநோய்க்கு மருந்தானது வியப்புக்குரியதே. எனினும் இஃது உறவுக்குச் சான்றாகாது. அப்பொருள் குருதிக் குழாய்களைச் சுருக்குவது. மிகுந்தால் கை கால்கள் அழியும். அளவோடு நின்றால் வலி தணியும். அவ்வளவே.

தலைநோயின் பெயர்கள் மற்றொரு செய்தியைக் கூறுகின்றன. கேலன் வழங்கிய 'எமிக்கிரேனியா' என்பது பாதி மண்டை எனப் பொருள்படும். மேலைமொழிகளில் ஒற்றைத் தலைவலிக்கு வழங்கும் 'மைக்ரேன்' என்னும் சொல் அதன் சிதைவே. சுசுருத சங்கிதை கூறும் பதினொரு தலைநோய்களுள் அர்த்தாவபேதகம் என்பது ஒன்று. அதன் முதற்சொல்லும் பாதியையே குறிப்பது. தமிழில் ஒற்றைத் தலைவலி என்கின்றோம். மூன்று மொழியாரும் நோயின் ஒருபுறத் தன்மையையே பெயராக்கினர். அக்கியும் உடலின் ஒரு பக்கத்தையே பற்றுவது. நடுக்கோட்டைக் கடப்பது அரிது. இவ்வொற்றுமையைக் கண்முன் வைத்துக்கொண்டும் அதன் காரணத்தை எவரும் நெடுங்காலம் வினவவில்லை. உடலிலுள்ள நீர்மங்கள் இடம் வலம் பார்த்து ஓடுவன அல்ல. அவ்வாறிருக்க, ஏன் ஒருபுறம் மட்டும் நோகின்றது? இவ்வினா எழுந்திருப்பின் நீர்மக் கோட்பாடு முன்னரே ஆட்டம் கண்டிருக்கும்.

தமிழகத்துச் சிற்றூர்களில் அக்கிக்குச் செய்யும் முறை ஈண்டுக் குறிக்கத்தக்கது. குயவரிடம் சென்று அக்கி எழுதிக்கொள்ளுதல் என்பது அதன் பெயர். காவியைக் குழைத்து, நோயுற்ற இடத்தில் சிங்கம் முதலிய உருவங்களை எழுதுவர். 'அக்கியெழுதுதல்' என்னும் தொடர் அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. பூசுதல் என்னாது எழுதுதல் என்றமை நோக்கற்பாலது. மருந்தைக் காட்டிலும் உருவமே முதன்மை பெற்ற ஒரு காலத்தை இவ்வினைச்சொல் காட்டுகின்றது எனக் கருதுகின்றோம். தீயோடு பழகுபவர் குயவர் ஆதலின் தீநோயை அடக்கும் உரிமை அவர்க்கு வந்தது போலும். அக்கி பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறுவது. ஆகலின் காவி எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் அது ஆறும். முதுகிலும் இடுப்பிலும் வந்த அக்கிக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. நெற்றியில் வந்ததற்கோ நிலை வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி நீர்மக் கோட்பாட்டிற்கு வருவோம். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு முடியவும், அதன் பின்னும் பல்லாண்டுகளும், தோலில் எழும் புண்ணையும் படையையும் உடல் தன் அழுக்கை வெளித்தள்ளும் வாயில்கள் என்று மருத்துவர் கருதினர். வாயிலை அடைத்தால் அழுக்கு உள்நோக்கித் திரும்பும். திரும்பிய அழுக்கு தலைக்கு ஏறினால் தலைவலி, மயக்கம், பார்வைக் கேடு ஆகியன விளையும் என்பர். குழந்தைகளின் தலையில் படரும் பொருக்கை ஆற்றக்கூடாது, அது மூளையைக் காக்கும் வடிகால் என்று தாய்மார்க்கு அறிவுரை கூறப்பட்டது. ஆற்றியிருக்கக் கூடிய சொறியோடும் கசிவோடும் எத்துணைக் குழந்தைகள் மாதக்கணக்கில் விடப்பட்டன என்பதற்குக் கணக்கு இல்லை.

கோட்பாட்டின் மறுபக்கம் இதனினும் கொடிது. தோலின் வாயில் அடைபட்டால் தலை நோகும் எனின், தலை நோகுங்கால் தோலில் வாயில் ஒன்று திறந்துவிட வேண்டும் அன்றோ? அவ்வாறே செய்தனர். கழுத்தின் பின்புறத் தோலை மடித்துத் துளைத்து, அதனூடே நூற்றிரியைச் செலுத்தி, நாள்தோறும் இழுத்துச் சீழ் வடியச் செய்தனர். கையிலோ பிடரியிலோ புண் உண்டாக்கி, அது மூடாதபடி பட்டாணி ஒன்றை உள்ளே வைத்துக் கட்டினர். செருமனியின் தூபிங்கன் நகரத்து மருத்துவரான ஔதன்ரீத் பெயரால் வழங்கிய களிம்பு ஒன்று உண்டு. தோலில் தேய்த்தால் சீழ்க்கட்டிகள் எழுப்புவதே அதன் பயன். நீங்காத தலைவலியுடையோர் இத்தகைய முறைகளுக்கு ஆளாயினர். ஒரு நோயோடு வந்தவர் இரு நோயோடு சென்றனர். இருந்தும் சிலர் வலி குறைந்தது என்றனர். விட்டுவிட்டு வரும் நோயாகிய ஒற்றைத் தலைவலி எம்முறைக்கும் நற்சான்று வழங்கவல்லது. இவ்வியல்பை அறியாத எவரும் தலைவலி மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுதல் ஆகாது.

இக்கோட்பாட்டை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் ஓமியோபதி மருத்துவ முறையை நிறுவிய சாமுவேல் ஆனிமன். 1828இல் வெளிவரத் தொடங்கிய நாட்பட்ட நோய்கள் பற்றிய நூலில், அந்நோய்களுள் எட்டில் ஏழு பங்கிற்கு அடிப்படை 'சோரா' என்னும் உட்சொறியே என்றார். வெளியிலே சொறியை மருந்திட்டு அடக்கினால் அஃது உள்ளே புகுந்து பல நோய்களாகத் தலைகாட்டும் என்றும், தலைவலிகளும் அவற்றுள் அடங்கும் என்றும் கூறினார். முன்னோர் எழுதிவைத்த நோய்க்குறிப்புகளைத் திரட்டிச் சான்றாகவும் தந்தார். சான்றுகள் மிகப் பல. ஆயினும் அவை யாவும் ஒரே வகையின. முதலில் சொறி இருந்தது, அது மறைந்தது, பின்னர் வேறு நோய் வந்தது என்பதே ஒவ்வொன்றின் சாரம். சொறி ஊரெல்லாம் பரவியிருந்த காலத்தில் எந்நோயாளிக்கும் இம்முன்வரலாறு கிடைக்கும். பின்னது முன்னதால் வந்தது என்பதற்கு இவற்றுள் ஒன்றும் சான்றாகாது.

வேடிக்கை என்னவெனின், சொறியின் உண்மைக் காரணம் ஆனிமனுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1687இல் இத்தாலியராகிய பொனோமோ, செசுடோனி என்பாரின் துணையோடு, சொறியுடையார் தோலிலிருந்து எடுத்த நுண்ணிய பூச்சியை உருப்பெருக்கியிற் கண்டு எழுதினார். அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை. 1834இல் கார்சிகத் தீவினரான ரெனூச்சி என்னும் மாணவர், பாரிசின் செயிண்ட் லூயி மருத்துவமனையில், ஊசி முனையால் அப்பூச்சியை எடுத்துக் காட்டினார். அவர் தம் தீவின் எளிய பெண்கள் அவ்வாறு எடுப்பதைப் பார்த்துக் கற்றவர். பேராசிரியர் பலர் தேடிக் காணாததை அப்பெண்கள் நாள்தோறும் எடுத்து எறிந்துகொண்டிருந்தனர். பின்னர் வியன்னாவில் பெர்டினாண்டு ஹெப்ரா பூச்சியைத் தம் தோலில் விட்டுச் சொறி வரச்செய்தும், பூச்சியை ஒழித்துச் சொறியை நீக்கியும் காட்டி, 1844இல் அதனைப் பற்றி விரிவாக எழுதினார். சொறி ஆற்றப்பட்டோர்க்கு உள்நோய் ஏதும் எழவில்லை. வாயில் அடைத்தல், உட்புகுதல் என்ற பேச்சுக்கு அத்துடன் அடிப்படை போயிற்று.

ஹெப்ராவின் வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. தோல்நோய்களைத் தோலிலேயே தேடுக என்பது அவர் பள்ளியின் நெறி. அதனால் தோலியல் தனித் துறையாயிற்று. தனி மனைகளும் நூல்களும் பேராசிரியர்களும் அதற்கு அமைந்தனர். பொய்யான உறவை அறுத்த வாள் மெய்யான உறவையும் உடன் அறுத்தது. தோலைப் பார்ப்பவர் வலியைக் கேளாராயினர். தலைவலியைக் கேட்பவர் தோலைப் பாராராயினர். அறுந்ததை மீண்டும் இணைத்தது அக்கி.

பெர்லின் நகரின் பேரன்சுபுருங்கு 1861 முதல் 1863 வரை அக்கியைப் பற்றி எழுதிய கட்டுரைகளில், அது தோலில் தோன்றினும் தோலில் தொடங்குவதன்று, தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சில் தொடங்குவது என்றார். பிணஆய்வில் அம்முடிச்சு நோயுற்றிருத்தலையும் கண்டார். அதே பத்தாண்டில் இலண்டனில் ஜோனதன் ஹட்சின்சன், நெற்றியக்கி மூக்கின் நுனிப்பக்கத்திற்கு இறங்குமாயின் கண்ணும் கேடுறும் என்று காட்டினார். காரணம் எளிது: மூக்கு நுனிக்குச் செல்லும் நரம்புக்கிளையே கண்விழிக்கும் செல்கின்றது. நரம்பின் வரைபடத்தை அறிந்தவர்க்குத் தோலின் கொப்புளம் கண்ணின் வருங்காலத்தைச் சொல்லிற்று.

1900ஆம் ஆண்டில் ஹென்றி ஹெட், ஆல்பிரெட் காம்பெல் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முடிவான ஒன்றாகும். அக்கி வந்திருந்தோர் 21 பேரின் உடல்களை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, ஒவ்வொருவரிடத்தும் எந்நரம்பு முடிச்சு அழற்சியுற்றது, தோலில் எப்பகுதி கொப்புளித்தது என்று பொருத்தினர். இதனால் உடலின் தோல் முழுவதும் நரம்புவாரியாக வரையப்பட்ட நிலப்படம் ஒன்று கிடைத்தது. ஹெட் அதற்கு முன்னரே, 1890களில், உள்ளுறுப்பு நோயுற்றோரிடத்துத் தோலில் எங்கெங்கே தொட்டால் நோகும் என்று ஆராய்ந்தவர். தலையின் தோலையும் அவ்வாறே பகுத்திருந்தார். அக்கியின் படமும் வலியின் படமும் பெரிதும் ஒத்திருந்தமை அவரை நரம்பின்பாற் செலுத்திற்று.

இவ்விடத்தில் நரம்பின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் இணை நரம்பை முக்கிளை நரம்பு என்பர். அதன் முதற்கிளை நெற்றித் தோலுக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் செல்கின்றது. அதே கிளையின் சிறு பிரிவுகள் மண்டையோட்டின் உள்ளே திரும்பி, மூளையைப் போர்த்த வன்சவ்வையும் அடைகின்றன. மூளைக்குத் தனக்கென வலியுணர்வு இல்லை. வலிப்பது அதன் போர்வையும் அப்போர்வையின் குருதிக் குழாய்களுமே. 1940இல் நியூயார்க்கில் ரே, வுல்ப் என்போர், அறுவை மருத்துவத்தின்போது விழித்திருந்த நோயாளர் 30 பேரிடத்து உள்ளுறுப்புகளைத் தொட்டும் மின்னூட்டியும் வினவினர். மூளையின் மேற்பகுதியைச் சூழ்ந்த போர்வையைத் தூண்டியபோது, நெற்றியிலும் கண்ணின் பின்னும் வலிக்கின்றது என்று அவர்கள் கூறினர். நோவு உள்ளே, உணர்வு வெளியே. ஒரே நரம்பு இரண்டு நிலங்களுக்கும் செய்தி கொண்டு செல்லுங்கால், எந்நிலத்துச் செய்தி என்று மூளையால் பிரித்தறிய இயலாமற் போகின்றது.

நெற்றியக்கியில் வலி முன்னும் கொப்புளம் பின்னும் வருவதன் காரணமும் இதனால் விளங்கும். சின்னம்மையை உண்டாக்கும் நச்சுயிரியே அக்கிக்கும் காரணம் என்பதை 1950களில் அமெரிக்கராகிய தாமசு வெல்லர், இருவகைக் கொப்புளங்களிலிருந்தும் அதனை வளர்த்தெடுத்துக் காட்டினார். இங்கிலாந்தின் சைரன்செசுடர் என்னும் சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த ஹோப் சிம்சன் தம்மிடம் வந்தோருள் 16 ஆண்டுகளில் கண்ட 192 அக்கி நோயாளரைக் கணக்கிட்டு, இளமையில் வந்த சின்னம்மையின் நச்சுயிரி நரம்பு முடிச்சில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து முதுமையில் விழிக்கின்றது என்று 1965இல் எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் ஏதும் அவர்க்கு இல்லை. நோயாளரை நெடுங்காலம் அறிந்திருந்தமையே அவர்தம் கருவி. 1983இல் மனித நரம்பு முடிச்சுகளில் அந்நச்சுயிரியின் மரபுப்பொருள் காணப்பட்டு, அவர் கூறியது உறுதிப்பட்டது. விழித்த நச்சுயிரி முதலில் முடிச்சை எரிக்கின்றது, அப்போது வலி. பின் நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகின்றது, அப்போது கொப்புளம். கொப்புளமே எழாமல் வலியோடு நின்றுவிடும் அக்கியும் உண்டு.

அக்கி நோயாளருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்க்கு அது முக்கிளை நரம்பின் முதற்கிளையைப் பற்றுகின்றது. நச்சுயிரியை அடக்கும் மருந்து இன்று உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துள் தொடங்கினால் அதன் பயன் மிகுதி. நெற்றியின் காவி எழுத்து இங்கேதான் இடராகின்றது. காவியால் தீங்கு இல்லை; காவி காயும்வரை காத்திருப்பதால் தீங்கு உண்டு. மூக்கு நுனியில் எழும் முதற் கொப்புளத்தை அது மறைத்துவிடவும் கூடும்.

அக்கி காட்டிய வழி ஒன்று. முகத்தின் நிறம் காட்டிய வழி மற்றொன்று. 1850களின் தொடக்கத்தில் பாரிசில் குளோடு பெர்னார்டு, முயலின் கழுத்துப் பரிவு நரம்பை வெட்டியபோது அப்பக்கத்துக் காது சிவந்து வெதும்பியதைக் கண்டார். தோலின் நிறத்தை நரம்பு ஆளுகின்றது என்பது தெளிவாயிற்று. இதனை ஒற்றைத் தலைவலிக்குப் பொருத்தியவர் பெர்லின் உடலியலறிஞர் தூ புவா ரெமோன். தாமே அந்நோயுற்றவர். நோவு வரும்போது தம் முகம் வெளிறுவதையும் நெற்றிப்பொட்டின் தமனி கயிறுபோல் விறைப்பதையும் கண்ணாடியிலும் விரலாலும் ஆராய்ந்து 1860இல் எழுதினார். குழாய் சுருங்குவதே நோய் என்றார். 1867இல் மோலண்டார்பு என்னும் மருத்துவர், தாம் கண்ட நோயாளரின் முகம் சிவந்திருந்தது, ஆகவே குழாய் விரிவதே நோய் என்று மறுத்தார். வெண்டலைவலி, செந்தலைவலி என்று இருவகை கொள்ளலாயினர். தோலின் நிறத்தைக் கொண்டு தலையின் உள்ளே நிகழ்வதைப் படிக்க முயன்ற இவ்விருவரும் முடிவில் தவறினர், வினாவில் தவறவில்லை.

வெள்ளைத் தோலில் எழுதப்பட்டது இவ்வாராய்ச்சி என்பதை மறத்தலாகாது. சிவப்பதும் வெளிறுவதும் கருநிறத்தோரிடத்தும் நிகழ்வனவே. கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. தமிழிலக்கியத்தில் சினத்தாற் சிவப்பது பெரும்பாலும் கண். உள்ளத்து நோய் தோலில் வெளிப்படுமிடத்தும் அது சிவப்பாகப் பேசப்படாது பசலையாகவே பேசப்படுகின்றது. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் அதற்கே உரியது. நெற்றியிற் பசலை படர்தல் அகப்பாடல்களிற் பயின்று வரும் செய்தி. நிறம் வேறாயின் நோக்கும் வேறாகும், சொல்லும் வேறாகும். தூ புவா ரெமோன் தமிழராய்ப் பிறந்திருப்பின் கண்ணாடி அவர்க்கு அத்துணைச் செய்தி சொல்லியிராது.

வினாவிற்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. உணர்வு நரம்பு செய்தியை உள்நோக்கி மட்டுமே கொண்டு செல்லும் என்பது அந்நாளைய துணிபு. 1876இல் சுடிரிக்கரும், 1901இல் பேலிசும் உணர்வு நரம்பு வேரைத் தூண்டித் தோலின் குழாய்கள் விரியக் கண்டனர். உள்வரும் வாயிலே வெளிச்செல்லும் வாயிலும் ஆயிற்று. இலண்டன் மருத்துவர் தாமசு லூயிசு 1927இல் வெளியிட்ட பெருநூலில் இது முழுமை பெற்றது. தோலை மொட்டைக் கருவியால் கீறினால் முதலில் செங்கோடும், அதனைச் சூழ்ந்து பரந்த செம்மையும், பின் தடிப்பும் தோன்றும். இவற்றுள் சூழும் செம்மை நரம்பாலாயது என்று அவர் காட்டினார். நரம்பை வெட்டிய உடனே அச்செம்மை மறைவதில்லை. வெட்டுண்ட நரம்பு நாளடைவில் சிதைந்தபின்னரே மறைகின்றது. ஆகவே செய்தி மூளைக்குச் சென்று மீள்வதன்று. தோலிலுள்ள நரம்பின் ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்குத் திரும்புவதாகும்.

அந்நரம்பு முனையிலிருந்து கசியும் பொருள் யாது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1982, 1983ஆம் ஆண்டுகளில் கால்சிட்டோனின் என்னும் சுரப்பின் மரபணுவை ஆராய்ந்தோர், அதே மரபணு நரம்புகளில் வேறொரு புரதத்துணுக்கை ஆக்குதலைக் கண்டனர். சி.ஜி.ஆர்.பி. என்பது அதன் குறுக்கம். 1985இல் இலண்டனில் அதனை மிக மிகச் சிறிதளவு மனிதத் தோலில் ஊசியால் ஏற்றிய சூசன் பிரெயின் குழுவினர், மணிக்கணக்கில் நீடித்த செம்மையைக் கண்டனர். கொடிய முகவலிக்காக முக்கிளை நரம்பின் முடிச்சை வெப்பத்தாற் சுடும்போது நோயாளர் சிலரின் முகம் சிவக்கும். அச்சமயம் அவர்தம் குருதியில் இப்பொருள் மிகுவதைக் கோட்சுபி, எட்வின்சன் ஆகியோர் 1988இல் காட்டினர்; 1990இல் ஒற்றைத் தலைவலி நிகழும்போதே கழுத்துக் குருதியில் அது மிகுவதாகவும் எழுதினர். 2005இல் கோபன்ஹேகனில் அவ்வளவீட்டை மீண்டும் செய்தோர்க்கு அம்மிகுதி காணப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும் அப்பொருளின் செயலைத் தடுக்கும் எரினுமாப் என்னும் மருந்து 2018இல் ஒப்புதல் பெற்றுப் பலர்க்கு நோவின் நாட்களைக் குறைத்துள்ளது. அளவீட்டில் ஐயம் இருப்பினும் பொருளின் பங்கில் ஐயமில்லை.

நோயாளரே நெடுங்காலமாகச் சொல்லிவந்த ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். தலை நோகுங்கால் சீப்பு பட்டால் எரிகின்றது, தலையணையில் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, காதணி உறுத்துகின்றது என்பர். தலையில் நோயிருப்பவர் தோலைப் பற்றிப் பேசினால் மருத்துவர் செவிகொடுப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் பாசுடன் நகரத்துப் பர்சுடீன் குழுவினர், ஒற்றைத் தலைவலியினர் 42 பேரின் தோலை நோவின்போது வெப்பம், குளிர், அழுத்தம் ஆகியவற்றால் அளந்தனர். அவர்களுள் 33 பேர்க்கு, பிறர்க்கு நோவு தராத சிறு தூண்டலும் நோவாயிற்று. நரம்பின் மேல்நிலையங்கள் தூண்டப்பட்டுவிட்டதன் அறிகுறி இது. தோல் இந்நிலையை எய்துமுன் மருந்துண்பதே பயன் மிகுதியாகத் தருவது என்று அவர்கள் 2004இல் காட்டினர். சீப்பு எரிகின்றதா என்னும் வினா இன்று மருத்துவர் கேட்கவேண்டிய வினாவாயிற்று.

அண்மைக்காலத்தில் பெருங்கணக்குகள் எழுந்துள்ளன. டென்மார்க்கு நாட்டின் மக்கட் பதிவேடுகளைக் கொண்டு 2015இல் காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிசு உடையோர்க்கும், 2017இல் முகம் நிலையாகச் சிவக்கும் ரோசேசியா உடையோர்க்கும் ஒற்றைத் தலைவலி மிகுதி என்று எகபெர்க்கு முதலியோர் எழுதினர். ரோசேசியா உடையோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 12, பொதுமக்களில் நூற்றுக்கு 7 என்பது அவர்தம் கணக்கு. இதனைக் கண்டு தோல்நோயே தலைநோயைத் தந்தது என்று முடிவு கட்டுவோமாயின் நாம் மீண்டும் ஆனிமனின் நூலுக்கே திரும்பியவராவோம். மருத்துவரை ஒரு நோய்க்காக நாடுவோர்க்கு மற்றொரு நோயும் எளிதிற் பதிவாகும். உறக்கமின்மை, மனத்துயர் முதலியன இரண்டையும் ஒருங்கே வளர்க்கும். சிவப்பைக் கண்ணாற் கண்டு பதியும் நோயாகிய ரோசேசியா, கருநிறத்தோரிடத்து அறியப்படாமலே போவது மிகுதி. ஆதலின் டென்மார்க்கின் கணக்கைத் தமிழகத்திற்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

கணக்குகளைவிட நம் கருத்தைக் கவர்வது சிறிய சோதனை ஒன்று. கோபன்ஹேகனில் ரோசேசியா உடையோர் 30 பேர்க்கு, தலைவலி மருந்தாகிய எரினுமாப்பை மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2024இல் வெளிவந்தது. முகச்செம்மை மிகுந்த நாட்கள் குறைந்தன என்பது அம்முடிவு. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அச்சோதனையில் இல்லை. விட்டுவிட்டு வரும் நோய் எம்முறைக்கும் நற்சான்று வழங்கும் என்று மேலே கூறினோம். முகச்செம்மையும் விட்டுவிட்டு வருவதே. ஒப்பீட்டோடு கூடிய சோதனை நிகழ்ந்த பின்னரே, தலையின் மருந்து தோலைத் தணித்ததா என்பதை உறுதியாகக் கூறலாகும்.